போணி ஆகாத உப்பு

1

2006ஆம் ஆண்டு பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு வருவார் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்த சிறப்பு விருந்தினர், அன்று மாலை விளக்கு வைத்த பிறகு வந்தார். என் குறை இவ்வளவே.

இது கதையாகப் பிறந்ததன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மரக்காணத்தில் நடந்த "சிறுதொழில் மற்றும் வட்டாரப் பொருள் கண்காட்சி"யின் விழாக்குழுவுக்கு (அந்த 'மற்றும்' அவர்களுடையது, அதற்கு நான் பொறுப்பல்லேன்) நான் எழுதிய முறையீடாகப் பிறந்தது. விடை வரவில்லை. நினைவூட்டு ஒன்று எழுதினேன். அதற்கு மட்டும் தேநீர்க்கடை வழியாக வாய்மொழி விடை வந்தது: "சாரு ரிட்டயர் ஆயிட்டாரு இல்ல, பொழுது போவல."

முறையீட்டைப் படியாதவர்களும் கதை என்றால் படிப்பார்கள். தம்மை எப்படி எழுதியிருக்கிறான் என்று பார்ப்பதற்காகவேனும் படிப்பார்கள். ஆகவே கதையாக்கினேன். பகுதிகளுக்கு எண் இட்டிருப்பது முறையீட்டின் மிச்சம். அதை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: "கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்த உப்பளத்தின் மீது இளங்கதிர் ——"

வேண்டா. பேருந்துச் சன்னலோரம் இடம் கிடைத்தவர் எழுதும் தொடர் இது. அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வெண்மை கண்ணைக் கூச வைக்கும் தொல்லை, வேறொன்றுமில்லை.

இரண்டாம் தொடக்கம்: "ஆழிப்பேரலை வந்து ஓராண்டு கடந்த நிலையில் ——"

இதுவும் வேண்டா. கண்காட்சி மேடையில் பேசிய அனைவரும் இப்படித்தான் தொடங்கினார்கள். நான் எழுதப்போகும் பெண்மணியின் துன்பம் அலையோடு தொடங்கியதன்று. அது ஆண்டுதோறும் ஐப்பசியில் தொடங்கும்.

மூன்றாம் தொடக்கம்: வேலம்மாள் அன்று வெயில் ஏறுமுன்பே கடையைத் திறந்துவிட்டார்.

இது நிற்கட்டும். 'திறந்துவிட்டாள்' என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதிகாரிக்கு 'ஆர்' விகுதியும் கூலிக்காரப் பெண்ணுக்கு 'ஆள்' விகுதியும் போடுவது நம் கதைகளின் வழக்கம். இக்கதையில் அது நடவாது.

3

வேலம்மாள் அன்று வெயில் ஏறுமுன்பே கடையைத் திறந்துவிட்டார். கடை என்றால் நான்கு மூங்கிலும் ஒரு துணிக்கூரையும். மேசைமேல் பளபளக்கும் உறைகளில் கல்லுப்பு. பொங்கலுக்குப் பின் பாத்தி கட்டி வாரிய, அந்தப் பருவத்தின் முதல் உப்பு. அலைக்குப் பின் ஊருக்கு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று, உப்பில் அயோடின் தெளிக்கவும் உறையின் வாயை ஒட்டும் இயந்திரத்தை இயக்கவும் அவருடைய மகளிர் குழுவுக்குக் கற்பித்திருந்தது.

அவர் அங்கே எதற்காக உட்கார்ந்திருந்தார் என்பதை வாசகர் அறிந்தாக வேண்டும். ஐப்பசி பிறந்தால் அளம் தண்ணீருக்குள் போய்விடும். தை வரை உப்பும் இல்லை, கூலியும் இல்லை. புதுச்சேரியில் மளிகைக்கடை வைத்திருக்கும் விஜயகுமார் என்பவர், கண்காட்சிக்கு வந்து சரக்கைப் பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் மாதந்தோறும் எடுத்துக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். வெயிலில் வாரியதை இருப்பு வைத்து, மழைக்காலத்தில் கூரைக்கு அடியில் அமர்ந்து உறையிட்டுக் கொடுக்கலாம். குழுவிலிருந்த பெண்கள் இதை ஒரே தொடரில் சொல்லிக்கொண்டார்கள்: "மழையிலயும் வேலை." அந்தத் தொடருக்காகத்தான் வேலம்மாள் தம்மிடமிருந்த நல்ல புடவையை உடுத்தி வந்திருந்தார்.

4

முந்தின நாள் விழாக்குழுச் செயலர் தங்கராசு கடை கடையாக வந்தார். இரும்புச் சாமான் கடைக்காரர். நல்ல குரல் வளம்.

"நல்லா கேட்டுக்கங்க. மொதல் விற்பனை சிறப்பு விருந்தினர் கையாலதான். அதுக்கு முன்னால யாரும் ஒண்ணும் விக்கக் கூடாது. போட்டோ எடுக்கணும். பத்து மணிக்கு டாண்ணு வந்துடுவாரு."

எல்லாக் கடைக்காரர்களும் தலையாட்டினார்கள். அது செயலர் பேசுகிற பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். வேலம்மாள் மட்டும் அதைப் போணி என்று எடுத்துக்கொண்டார்.

[நகரத்து வாசகருக்காக: அன்றைய முதல் விற்பனை போணி. அது யார் கையில் நடக்கிறதோ அந்தக் கையின் ராசிதான் அந்த நாளுக்கு. இன்னாருக்கு என்று ஒரு போணியைச் சொல்லி வைத்துவிட்டால், அவர் வரும்வரை அதைப் பிறருக்குக் கொடுப்பதில்லை. இங்கே அது ஒரு நாளின் போணி மட்டுமன்று. பருவத்தின் முதல் உப்புக்கு, குழுவின் முதல் விற்பனைக்கு.]

பத்து மணி ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. வெள்ளிக்கிழமை உப்பு வாங்கினால் வீட்டுக்கு நல்லது என்பதால் பெண்கள் நேரே இவர் கடைக்குத்தான் வந்தார்கள். "கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கம்மா, பெரியவரு வந்து போணி பண்ணட்டும்" என்று ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினார். பக்கத்துக் கடை பச்சமுத்து, மேசைக்கு அடியிலிருந்தே பாதிக் கருவாட்டை விற்றுவிட்டிருந்தார்.

"ஏம்மா, ஊரே வாங்கிக்கினு போவுது. நீ என்னாத்துக்குக் கையக் கட்டிக்கினு ஒக்காந்திருக்கற?"

"பெரியவரு வரட்டும்ணே. சொல்லிட்டம் இல்ல."

"அவரு வர்றதுக்குள்ள என் கருவாடு திரும்பவும் மீனாயிடும்."

"ஆவட்டும். ஆனா கடல்ல விட்டுடு. புண்ணியம்."

5

விஜயகுமார் வந்தார். ஓர் உறையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஒட்டிய வாயை விரலால் இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்ததை வேலம்மாளும் பார்த்தார். அருகிலிருந்த ஜான்சியும் பார்த்தாள்.

[ஜான்சிக்கு 'ஆள்' விகுதி. என் மாணவி, உரிமை உண்டு. குழுவில் இளையவள், உறையின் வாய் ஒட்டுவது அவள் வேலை.]

"சுத்தமா இருக்குதும்மா. ஒரு பாக்கெட் குடுங்க, கடையில வெச்சுப் பாக்கறேன். மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

"இன்னும் போணி ஆவலிங்க. பெரியவருக்குச் சொல்லி வெச்சிருக்குது, இப்ப வந்துடுவாரு. ரெண்டாவது உங்களுக்குத்தான்."

அவரும் கடைக்காரர். வேறு எவராக இருந்தாலும் வாதாடியிருப்பார். போணி என்ற சொல்லுக்கு முன்னால் வாதாட அவருக்கு வராது. "சரிம்மா, ஒக்கார்றேன்" என்று நெகிழி நாற்காலியில் அமர்ந்தார்.

அவர் எழுந்துபோய்த் தேநீர் குடித்த நேரத்தில் ஜான்சி வேலம்மாளின் காதருகே குனிந்தாள்.

"பெரிம்மா, நான் ஒண்ணு குடுத்துடறேன். ஞாயித்துக்கெழம மாதா கோயிலுக்குப் போறவளுக்கு என்னா போணி? யாருக்குத் தெரியும்?"

"உப்புக்குத் தெரியும்" என்றார் வேலம்மாள்.

இல்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்த விடையை எழுதியவன் நான். எழுதி முடித்ததும் எனக்கே பிடித்திருந்தது, எனவே ஐயம் வந்தது, ஜான்சியிடம் கேட்டேன். வேலம்மாள் உண்மையில் சொன்னது இது:

"கம்முனு இருடி."

வெயில் மேற்கே சாய்ந்தபோது விஜயகுமார் எழுந்தார். "சாயங்காலம் கடை தெறக்கணும்மா. வெள்ளிக்கெழம வியாபாரம். சொல்லி அனுப்பறேன்." வேலம்மாள் சாலை வரை உடன் சென்று, பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி, அவரை ஏற்றிவிட்டு வந்தார். வெறுங்கையோடு போனவருக்கு அவரால் செய்ய முடிந்த மரியாதை அது.

அந்த வாரமே வேறொருவர் அவர் கடைக்கு உப்பு அனுப்பத் தொடங்கிவிட்டார். இதில் விஜயகுமாரைக் குற்றம் சொல்ல எனக்கு ஓர் எழுவாயும் கிடைக்கவில்லை.

6

சிறப்பு விருந்தினர் வந்தபோது திடலில் குழல்விளக்குகள் எரிந்தன. ஊருக்குள் வீடுகளில் விளக்கு வைத்தாயிற்று. அவர் மேடையேறிக் குத்துவிளக்கும் ஏற்றினார்.

அவரைப் பற்றியும் நேர்மையாக எழுத வேண்டும். வயது குறைந்த அரசு அதிகாரி. காலையிலிருந்து வேறு எங்கெங்கோ விளக்கேற்றிக் களைத்திருந்தார். ஒலிபெருக்கியில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். பிழையில்லாத தமிழில் கேட்டார். அவரைத் தீயவராகப் படைத்திருந்தால் இக்கதை எனக்கு எளிதாக முடிந்திருக்கும்.

உப்புக் கடையில் அதற்குள் ஒரு வழக்காடல் நடந்துகொண்டிருந்தது. விளக்கு வைத்த பின் உப்பைக் கைமாற்றினால் வீட்டுச் செல்வம் அதனோடு வெளியேறிவிடும். எல்லா ஊரிலும் உள்ள நம்பிக்கைதான். ஆனால் மற்ற ஊர்களில் உப்பு ஒரு சமையற்பொருள், இங்கே அது பிழைப்பு.

"பெரிம்மா, இது பாக்கெட்டு. உள்ள இருக்கறது வெளிய தெரியாது."

"கண்ணாடியாட்டம் தெரியுது. தெரியாதாம்."

"அப்ப என்னா பண்றது?"

"எத்தினி நேரமா அவருக்குன்னு காத்துக்கினு இருக்கறோம். அவருக்குக் கெட்ட நேரத்துலயா குடுக்கறது? காலையில கூப்புடுவோம்."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். விருந்தினருக்கு மறுப்பது என்பது வேலம்மாளின் எண்ணத்திலேயே இல்லை.

விருந்தினர் கடைமுன் வந்து நின்றார். பணத்தை நீட்டினார். புகைப்படக்காரர் ஒரு காலை மடித்துக் குனிந்தார். வேலம்மாள் கைகூப்பினார்.

"ஐயா, வெளக்கு வெச்சாச்சுங்க. இதுக்கு மேல உப்பு கை மாறக் கூடாது. உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கறோம். காலையில வாங்க. மொதல் போணி உங்களுக்குத்தான்."

புகைப்படக்காரர் நிமிர்ந்தார். தங்கராசுவின் முகம் அவர் விற்கும் பொருளின் நிறத்துக்கு மாறியது.

"ஏம்மா, யாரு நிக்கிறாங்கன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க. அதனாலதான் நாளைக்குக் கூப்புடறோம்."

விருந்தினர் சிரித்தார். கேலிச் சிரிப்பன்று. "பரவாயில்லம்மா. நாளைக்கு வர்றேன்" என்றார்.

தங்கராசு அவர் முழங்கையைத் தொட்டுப் பக்கத்துக் கடைக்குத் திருப்பினார். பச்சமுத்து ஆயத்தமாக நின்றிருந்தார். "புடிங்க சார். கருவாட்டுக்கு வெளக்கும் இல்ல, இருட்டும் இல்ல." மறுநாள் செய்தித்தாளில் விருந்தினர் கையில் பிடித்திருந்தது அதுதான்.

7

இந்த இடத்தில் எனக்கு என் கதைமாந்தரின் மேல் ஐயம் வந்தது.

எழுதியவற்றை ஒரு நண்பருக்குப் படித்துக் காட்டினேன். "அதிகாரத்தை எதிர்த்து நின்ற பெண்! அதை இன்னும் அழுத்துங்கள்" என்றார். அழுத்தினேன். கைகூப்பியதை நீக்கினேன்; கண்களில் கனல் சேர்த்தேன். அந்தத் தாளைக் கிழித்தும்விட்டேன். அது தங்கராசு ஊரெல்லாம் சொல்லிவரும் கதை. அவர் வைவதை நண்பர் புகழ்கிறார், வேற்றுமை அவ்வளவுதான். "உப்புக் கடை மட்டும் ஒத்துழைக்க மறுத்துவிட்டது" என்று விழாக்குழு தன் அறிக்கையில் எழுதியது. மறுத்தது கடையன்று, காலம். பத்து மணி மாலைக்குப் போனதை அறிக்கையில் எவரும் எழுதவில்லை.

நேரிலேயே கேட்டேன்: "அன்று உங்களுக்குச் சினம் இருந்ததா, அம்மா?"

"கோவமா? எதுக்கு சார் கோவம்? ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு வலிச்சுது. அவ்ளோதான்."

மறுநாள் காலை அவர் கண்காட்சிக்குப் போனபோது அந்த மூங்கில்களுக்கு நடுவில் கைப்பேசி விற்பவர்கள் குடை விரித்திருந்தார்கள். இடம் மாற்றியாயிற்று என்றார்கள். எவரோடும் சண்டையிடவில்லை. ஓர் உறையை மட்டும் முந்தானையில் பிடித்துக்கொண்டு வாயிலருகே நின்றார். "வர்றேன்னு சொல்லியிருக்காரு. உள்ள போயி தேடுவாரு, பாவம்" என்று ஜான்சியிடம் சொன்னார். வாயிலில் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். மாலையில் விளக்கு வைக்கும் நேரமாயிற்று என்று திரும்பிவிட்டார்.

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

முடிவு அ. விஜயகுமார் மறு வாரம் தாமாகவே வருகிறார். "போணிக்குக் காத்திருக்கத் தெரிந்தவர் சரக்கில் கலப்படம் செய்யமாட்டார்" என்கிறார். [நல்ல முடிவு. ஆனால் அவர் வரவில்லை.]

முடிவு ஆ. ஜான்சி, விஜயகுமார் தேநீர் குடிக்கும் இடத்துக்கே போய், அவர் பையில் ஓர் உறையை நழுவவிட்டுவிடுகிறாள். ஒப்பந்தம் அமைகிறது. மழையில் பெண்கள் உறையிடுகிறார்கள். வேலம்மாளுக்குக் கடைசி வரை தெரியாது. [இதை அவளிடமே படித்துக் காட்டினேன். தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "பண்ணியிருக்கலாம் சார். கை வரைக்கும் வந்துச்சு" என்றாள். அதன் பின் இம்முடிவை வைத்துக்கொள்ள என்னால் இயலவில்லை.]

முடிவு இ. சிறப்பு விருந்தினர் மறுநாள் காலை பத்து மணிக்கு, தனியாக, வண்டியை விட்டு இறங்கி ——

இத்தொடரை முடிக்க எனக்கு வினைமுற்று இல்லை.

நடந்தது இது. போணி ஆகாத சரக்கை எப்படி விற்பது என்று குழுவினர் தயங்கினார்கள். தயங்கத் தயங்க வாங்குபவரும் இல்லை. ஒரு நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, தாங்களே ஒட்டிய உறைகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, உப்பை மூட்டையில் கொட்டினார்கள். மூட்டை வியாபாரி வழக்கம்போல் எடுத்துப் போனார். "ஒட்டறதுக்கு மெஷினு குடுத்தாங்க. பிரிக்கறதுக்குக் குடுக்கல பாரு" என்று ஜான்சி சொன்னாளாம். எவரும் சிரிக்கவில்லையாம்.

9

இப்போது ஐப்பசி. நான் இதை எழுதும்போது மழை பெய்கிறது. அளம் ஏரியாகக் கிடக்கிறது. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. ஜான்சி புதுச்சேரியில் துணிக்கடைக்குப் போகிறாள். நாள் முழுதும் நிற்க வேண்டும், உட்கார்ந்தால் வைகிறார்களாம். வேலம்மாள் கிளியனூர்ப் பக்கம் நடவுக்குப் போகிறார். உப்பில் வெடித்த பாதங்கள் சேற்றில் எரியும் என்பதை அவர் சொல்லவில்லை. அவர் நடையில் தெரிகிறது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஓர் உறை இருந்தது. வெட்டாமல் விட்ட ஒன்று. மழை ஈரத்தில் உறை வியர்த்து, உள்ளே கற்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. இக்கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது என்று எண்ணினேன். நல்ல பகல். பணத்தை எடுத்தேன்.

"அம்மா, அதை எனக்குக் கொடுங்கள். நான் போணி செய்கிறேன்."

அவர் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் வேறு உப்புக் கொண்டுவந்தார்.

"உங்களுக்கு இத எடுத்துக்கங்க சார், காசு வாணாம். அது சொல்லி வெச்சது."

"அவர் வரமாட்டார், அம்மா. தேர்தலுக்கு முன்பே மாற்றலாகிப் போய்விட்டார். எந்த ஊர் என்றே தெரியவில்லை."

"வர்றேன்னு சொன்னாரு சார். படிச்சவரு. உங்கள மாதிரி ஒரு வாத்தியாருதான அவருக்கும் சொல்லிக் குடுத்திருப்பாரு."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே இக்கதையை நான் முடிக்கப்போவதில்லை. முடிவு என் மேசையில் இல்லை. எந்த ஊரிலோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. அந்த விருந்தினரின் பெயரை எழுதமாட்டேன், அது முறையன்று. கருவாட்டைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டது அவருக்கு நினைவிருக்கும்.

வாசகரே, உமக்கு ஒரு வேலை வைக்கிறேன். இதைப் படித்து மடித்து வைத்துவிடக் கூடாது. உம் ஊரில் ஏதேனும் ஒரு திறப்பு விழாவுக்கு அவர் வருவார். வழக்கம்போல் தாமதமாகத்தான் வருவார். எதிரே போய் நின்று சொல்லும்: மரக்காணத்தில் ஓர் உறை உப்பு இன்னும் அவருக்காகவே இருக்கிறது. கல் கரைந்து ஒன்றாகிக்கொண்டிருக்கிறது. உப்பு பிரிந்திருக்கும்போதே வரச் சொல்லும்.

நீரே அவராக இருந்தால், எழுந்திரும். முதல் பேருந்தில் புறப்படும். விளக்கு வைப்பதற்கு முன் வந்து சேரும்.